ரங்கூன் வெயிலில் வைத்துப் பார்த்த காலாவதித் தேதி

லேபிள் அச்சடிக்கிறவர் கேட்டது ஒரே ஒரு விவரம்தான்: காலாவதி எத்தனை மாதம் என்று போடுவது? எங்களிடம் இருந்த சரக்கு நான்கு. மூலிகைத் தலை எண்ணெய், சீயக்காய்க் கரைசல், குளியல் பொடி, தனக்கா க்ரீம் (தனக்கா என்பது பர்மாவில் அரைத்து முகத்தில் பூசும் மரப்பட்டை). அக்கம்பக்கத்துக்கும் கோயிலில் பழக்கமான குடும்பங்களுக்கும் கொடுத்து வந்ததைக் கடைகளுக்குப் போடலாம் என்று அண்ணியும் நானும் இறங்கிய நேரம் அது. “எல்லாத்துக்கும் ஒரு வருஷம்னு போட்டுடலாம்மா, எல்லாரும் அப்படித்தானே போடுறாங்க” என்றார் அண்ணி. எனக்கு மனசு ஒப்பவில்லை. குழந்தைகளின் தலையில் தேய்க்கிற எண்ணெய், முகத்தில் பூசுகிற க்ரீம். மற்றவர்கள் போடுகிற எண்ணைப் பார்த்து நாமும் போடுவது சரியாகப் படவில்லை. அதோடு, பர்மாவும் சேர்ந்த ஆசியான் என்கிற தென்கிழக்காசிய நாடுகளின் பொது அழகுசாதன விதிப்படி 30 மாதத்துக்குக் குறைவாகத் தாங்கும் பொருளுக்குக் காலாவதித் தேதி போட்டே ஆக வேண்டும். நம்முடையது எதுவும் 30 மாதம் தாங்கப் போவதில்லை.

ஆகவே அச்சு வேலையை நிறுத்திவிட்டுச் சோதனையில் இறங்கினோம். ரங்கூனிலும் பெகுவிலும் மோல்மேனிலும் இதே மாதிரி வீட்டுத் தொழில் செய்கிற நம் ஆட்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ஒரு பொருளைச் சூட்டில் வைத்தால் வேகமாகக் கெடும், அதை வைத்து அலமாரி ஆயுளை ஊகிக்கலாம் என்பது பழைய முறை. பத்து டிகிரி கூடினால் கெடும் வேகம் சுமாராக இரண்டு மடங்கு ஆகும் என்று வைத்துக்கொள்வார்கள். “40 டிகிரியில் மூன்று மாதம் தாங்கினால் அலமாரியில் ஒரு வருஷம் தாங்கும்” என்று பல இடங்களில் எழுதியிருப்பது இதிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்தக் கணக்கில் அலமாரி 20 டிகிரியில் இருக்கிறது. 20-க்கும் 40-க்கும் இரண்டு பத்து வித்தியாசம், அதனால் நான்கு மடங்கு. மூன்று மாதம் பன்னிரண்டு ஆகிறது. நம் வீட்டு அலமாரி எங்கே 20 டிகிரியில் இருக்கிறது? மார்கழியில்கூட விடிகாலையில்தான் அந்தக் குளிர். வருஷம் முழுக்கப் பார்த்தால் அறை 30-ஐ ஒட்டியே நிற்கிறது, சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் மாடி அறை அதையும் தாண்டுகிறது. 30-இலிருந்து 40-க்கு ஒரே ஒரு பத்துதான். இரண்டு மடங்குதான். அதே மூன்று மாதச் சோதனை இங்கே ஆறு மாதத்துக்கு மேல் எதையும் சொல்லாது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. ஆசியான் நாடுகளில் மருந்துகளின் ஆயுளைச் சோதிப்பதற்கு நீண்டகால நிலையாக வைத்திருப்பதே 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும்தான். குளிர் நாட்டுக் கணக்கு நமக்கு ஆகாது என்று மருந்துக்காரர்கள் எப்போதோ தீர்மானித்துவிட்டார்கள். தைலமும் பொடியும் செய்கிற நாமும் அதையே பிடித்துக்கொள்வது நல்லது.

சூட்டுப் பெட்டியை நாங்களே செய்தோம். மீன் வரும் கனமான தெர்மாகோல் பெட்டி ஒன்று. கோழிமுட்டை பொரிக்கும் பெட்டிக்குப் போடுகிற, சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் சின்ன தெர்மோஸ்டாட். தகர டின்னுக்குள் மறைத்து வைத்த ஒரு பல்பு, பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த காற்றாடி. மின்சாரம் முறை வைத்து வருகிற ஊர் என்பதால் எல்லாவற்றையும் சோலார் பேட்டரியில் ஓடும்படி மாட்டினோம். பல்பை டின்னுக்குள் வைத்ததற்குக் காரணம் உண்டு. வெளிச்சம் பட்டால் எது சூட்டால் கெட்டது, எது ஒளியால் கெட்டது என்று பிரித்துச் சொல்ல முடியாது. வெப்பமானியின் முனையைப் பெட்டிக்குள் காற்றில் தொங்கவிடாமல், எண்ணெய் நிரப்பிய ஒரு சின்ன பாட்டிலுக்குள் இறக்கி வைத்தோம். மூடியைத் திறந்தால் காற்றின் சூடு சட்டென்று இறங்கிவிடும், எண்ணெயின் சூடு மெதுவாகத்தான் மாறும். சரக்கு உண்மையில் எந்தச் சூட்டில் இருக்கிறது என்பதை அந்த எண்ணெய்தான் காட்டும். பெட்டிக்குள் தண்ணீர் பாட்டில்களும் அடுக்கினோம், மின்சாரம் தடுமாறினாலும் சூடு தாங்கி நிற்பதற்காக.

மாதிரிகளை நான்கு இடத்தில் வைத்தோம்: சூட்டுப் பெட்டி, இருட்டு அலமாரி, வெயில் விழும் ஜன்னல், குளிர்சாதனப் பெட்டி. குளிரில் இருப்பது ஒப்பிட்டுப் பார்க்க. மற்றது மாறியதா இல்லையா என்று சொல்வதற்கு மாறாத ஒன்று கையில் வேண்டும். அப்புறம் ஐந்தாவதாக ஓர் இடம், அதைத்தான் நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன்: குளியலறை. வீட்டில் எல்லோரும் குளிக்கும்போது ஈரக் கையோடு திறந்து, எடுத்து, மூடாமல் கூட வைத்துவிட்டுப் போகிற பாட்டில். மூடி சீல் வைத்த சரக்கு எத்தனை மாதம் நிற்கிறது என்பது ஒரு கேள்வி, திறந்த பிறகு எத்தனை நாள் நிற்கிறது என்பது வேறொரு கேள்வி. வாங்குகிறவர் வாழ்க்கையில் நடப்பது இரண்டாவதுதான்.

எல்லா மாதிரியும் விற்கப்போகிற அதே பாட்டிலில், அதே மூடியில். கண்ணாடிக் குடுவையில் சோதித்துவிட்டு பிளாஸ்டிக்கில் விற்றால் அந்தச் சோதனை வேறு ஏதோ பொருளுக்கானது. முதல் நாள் ஒவ்வொன்றின் எடை, பி.ஹெச். (புளிப்பைக் காட்டும் எண்; எண் குறைந்தால் புளிப்பு அதிகம்), நிறம், வாசனை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினோம். நிறத்துக்கு வெள்ளைத் தாளின் மேல் வைத்து, ஒரே ஜன்னலோரம், ஒரே நேரத்தில் போட்டோ. வாசனைக்கு மட்டும் எங்கள் மூக்கை நம்பவில்லை. தினம் அதையே முகர்கிற மூக்குக்குக் காறல், அதாவது எண்ணெய் கெட்டு வரும் சிக்கு வாடை, மெதுவாக ஏறுவது தெரியாது. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, எது எந்த இடத்துச் சரக்கு என்று சொல்லாமல் உள்ளங்கையில் தேய்த்து முகரச் சொல்வோம். கைச் சூட்டில்தான் காறல் வெளியே வரும்.

சரி, எண்ணெய்க்கு வருகிறேன்.

நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து, கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, நெல்லி, வெந்தயம் போட்டுக் காய்ச்சுவது பெரியம்மாவின் கைமுறை. எண்ணெய்க்குள் பாக்டீரியா வளராது, அதற்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் பச்சை இலை போட்டுக் காய்ச்சிய எண்ணெயில் தண்ணீர் ஒளிந்திருக்கும். அதனால் இந்தச் சரக்கின் ஆயுள் பாட்டிலில் அடைத்த பிறகு தீர்மானமாவதில்லை, அடுப்பிலேயே தீர்மானமாகிவிடுகிறது. பெரியம்மா கரண்டியில் அடிக்கசடை எடுத்து விரலில் உருட்டிப் பார்ப்பார். திரி மாதிரி உருண்டு ஒட்டினால் மெழுகு பதம். உருளாமல் மணலாக உதிர்ந்தால் மணல் பதம். அந்தத் திரியை நெருப்பில் காட்டினால் சடசடவென்று வெடிக்கக் கூடாது, அமைதியாக எரிய வேண்டும். வெடித்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். சித்த, ஆயுர்வேத முறைகளில் காலகாலமாக இருக்கிற சோதனை இது. எந்தக் கருவியும் இல்லாமல் தண்ணீரைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் ஒரே காய்ச்சலில் இரண்டு இடத்தில் எண்ணெயை எடுத்தோம். ஒரு பங்கு, திரி இன்னும் லேசாக வெடிக்கிற கட்டத்தில். இன்னொரு பங்கு, வெடிப்பு முழுக்க அடங்கிய பிறகு. இரண்டையும் மெல்லிய துணியில் வடிகட்டி, அசையாமல் தெளியவிட்டு, பாட்டிலில் அடைத்தோம். சோதனைக்காக வேண்டுமென்றே அப்படிச் செய்தது நல்லதாகப் போயிற்று. முன்னால் எடுத்த எண்ணெயின் அடியில் சில வாரத்திலேயே நூல் போல ஒரு மங்கல் படிந்தது. மழைக்காலம் பிறந்தபோது அதைச் சாய்த்துப் பார்த்தால் எண்ணெயோடு சேராமல் தனியாக நகர்ந்தது, புளித்த வாடை வந்தது. எண்ணெய்க்கடியில் ஒரு சொட்டுத் தண்ணீர், இலைத்துகள், காற்றுப் புகாத இடம், 30 டிகிரி சூடு. கிருமிக்கு வேறென்ன வேண்டும்? பதம் முழுக்க வந்த எண்ணெய் அதே அலமாரியில் தெளிவாக நின்றது.

காறல் விஷயம் வேறு. தேங்காயெண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, அதனால் லேசில் காறாது. நல்லெண்ணெயில் அதற்கே உரிய காப்புப் பொருள்கள் இயற்கையாகவே இருக்கின்றன. இந்த ஜோடியைத் தேர்ந்தெடுத்த முன்னோர் கெட்டிக்காரர்கள் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் ஜன்னல் பாட்டில் மட்டும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கெட்டது, 40 டிகிரிப் பெட்டியில் இருந்ததைவிட முன்னால்! காரணம் அந்தப் பச்சை நிறம். கறிவேப்பிலையும் கரிசலாங்கண்ணியும் விடுகிற பச்சையம், ஒளி பட்டால் எண்ணெயைக் காற்றோடு சேர்த்துக் காற வைக்கிற வேலையைத் தூண்டிவிடும். வாடிக்கையாளர் கண்ணுக்கு அழகாகத் தெரியட்டும் என்று வெளிப்படையான பாட்டிலில் பச்சை எண்ணெயை அடைத்துக் கடை வாசலில் அடுக்குவதைவிட மோசமான யோசனை இல்லை. அன்றைக்கே பழுப்புக் கண்ணாடி பாட்டிலுக்கு மாறினோம். அண்ணிக்கு விலை கூடுவதில் வருத்தம், ஆனால் இரண்டு பாட்டிலையும் முகர்ந்து பார்த்த பிறகு மறுபேச்சு பேசவில்லை.

வைட்டமின் ஈ சேர்த்தும் சேர்க்காமலும் வைத்தோம். சேர்த்தது கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகிறது. ஆனால் பலரும் நினைப்பதுபோல அது கிருமியைத் தடுக்காது, காறலைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். தண்ணீர் உள்ள க்ரீமில் வைட்டமின் ஈ-யை மட்டும் போட்டுவிட்டு “பாதுகாப்பான் சேர்த்தாச்சு” என்று சொல்வது ஆபத்து. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எண்ணெய் ஒரே சீராகக் காறுவதில்லை. நீண்ட நாள் ஒன்றுமே தெரியாது, அப்புறம் திடீரென்று விறுவிறுவென ஏறிவிடும். அதனால் ‘மூன்று மாதமாக மாற்றமே இல்லை, இன்னும் இரண்டு வருஷம் நிற்கும்’ என்று நீட்டிக் கணக்குப் போடவே முடியாது.

சீயக்காய்க் கரைசல்தான் எங்களை ரொம்ப நாள் பிடித்து வைத்தது. பர்மியர் தயோ மரப்பட்டையையும் கின்புன் காயையும் ஊறவைத்துக் காய்ச்சித் தலைக்கு ஊற்றுவார்கள். திஞ்ஜான் என்கிற தண்ணீர்த் திருவிழா முடிந்து புது வருஷம் பிறக்கும்போது அதில் தலை முழுகுவது வழக்கம். கின்புன் நம் சீயக்காயேதான். சந்தையில் பிளாஸ்டிக் பையில் கட்டிச் சுடச்சுட விற்பார்கள், அன்றைக்கே பயன்படுத்திவிடுவார்கள். அதையே பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் நிறுத்த வேண்டும் என்பது எங்கள் ஆசை. ஒன்றும் சேர்க்காத கரைசல் சித்திரை வெயிலில் மறுநாளே நுரைக்கத் தொடங்கி, மூடியைத் திறந்தால் ‘புஸ்’ஸென்று காற்று வந்தது. எதிர்பார்த்ததுதான். சீயக்காயின் சர்க்கரையும் தயோவின் பிசினும் கிருமிக்கு விருந்து.

கிருமியைத் தடுக்கிற சோடியம் பென்சோயேட் சேர்த்தோம். மலிவு, ஊறுகாயிலும் பழச்சாற்றிலும் போடுவதுதான், எளிதாகக் கிடைக்கும். ஆனால் இது எல்லா இடத்திலும் வேலை செய்யாது என்பதை நம் ஆட்களில் நிறைய பேர் கவனிப்பதில்லை. புளிப்பான கரைசலில் அது பென்சாயிக் அமிலமாக மாறினால்தான் கிருமியின் உள்ளே நுழையும். பி.ஹெச். 4.2-இல் பாதி அப்படி மாறி இருக்கும். 5-க்குப் போனால் சுமார் 14 சதவீதம். 6-க்குப் போனால் இரண்டு சதவீதம்கூட இல்லை. ஒரே அளவு மருந்து, பி.ஹெச். ஏறினால் சும்மா உட்கார்ந்திருக்கும். எங்கள் கரைசல் இயல்பிலேயே புளிப்புதான், ஆனால் பென்சோயேட்டைக் கலந்ததும் பி.ஹெச். கொஞ்சம் மேலே போகிறது. அதனால் கலந்த பிறகு அளந்து, எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) சேர்த்து மறுபடி 4.2-க்குக் கொண்டுவர வேண்டும். கலப்பதற்கு முன் அளந்த எண்ணை நோட்டில் எழுதுவதால் பயனில்லை. பொட்டாசியம் சார்பேட்டும் கொஞ்சம் சேர்த்தோம், பூஞ்சணத்துக்கு அது கை கொடுக்கும்.

கிருமி எண்ணிக்கை பார்க்க ஊட்டப் பசை பூசிய தோய்ப்புத் தகடுகள் கிடைக்கின்றன. சரக்கில் தோய்த்து, குழாயில் மூடி வைத்தால் கிருமி இருந்தால் புள்ளிகளாக வளரும். ரங்கூன் அறைச் சூடே அதற்குப் போதும். முதல் முறை தகடு பளிச்சென்று சுத்தமாக இருந்தது. அதை நான் நம்பவில்லை. கரைசலில் இருக்கிற பென்சோயேட்டும் தகட்டில் ஒட்டிக்கொண்டு போய் அங்கேயும் கிருமியை அடக்கி வைக்கும். உயிரோடு இருக்கிற கிருமிகூட அந்தத் தகட்டில் தலை காட்டாது. அதனால்தான் சோதனைக் கூடங்களில் பாதுகாப்பானை முறிக்கிற ஒரு திரவத்தில் கலந்த பிறகே எண்ணுவார்கள். வீட்டுத் தகட்டில் புள்ளி வந்தால் சரக்கு கெட்டது என்பது நிச்சயம். புள்ளி வராவிட்டால் நல்லது என்று சொல்ல முடியாது. (புள்ளி வளர்ந்த தகட்டைத் திறந்து பார்க்காதீர்கள். அப்படியே ப்ளீச்சில் ஊறவைத்துத்தான் தூக்கிப் போட வேண்டும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதில் அசட்டை கூடாது.)

குளியலறைப் பாட்டிலில் அகல வாயுள்ளது ஒன்றும் குறுகிய வாயுள்ளது ஒன்றும் வைத்திருந்தோம். உள்ளே கரைசல் ஒன்றே. அகல வாய் பாட்டிலின் கழுத்தில், மூடி திருகுகிற வரிகளில், ஆடி மாதம் கறுப்பாகப் பூஞ்சணம் பூத்தது. குளிக்கும் தண்ணீர் தெறித்து அந்த வரிகளில் நின்று, அங்கே மட்டும் பென்சோயேட் நீர்த்துப் போயிருக்கிறது. குறுகிய வாய் பாட்டிலில் அது இல்லை. கரைசலை மாற்றவில்லை, மூடியை மாற்றினோம். தேறிய அந்த ஒன்றை மட்டும் முழுச் சவால் சோதனைக்கு பாங்காக்கில் ஒரு கூடத்துக்கு அனுப்பினோம். ஐ.எஸ்.ஓ. 11930 என்கிற அந்த முறையில் ஐந்து வகைக் கிருமிகளை வேண்டுமென்றே சரக்கில் விட்டு, 7, 14, 28-ஆம் நாட்களில் எத்தனை மிஞ்சியது என்று எண்ணுவார்கள். செலவு பிடிக்கும் வேலை. ஒவ்வொரு மாதிரிக்கும் செய்ய நம் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது. வீட்டுச் சோதனையில் களை எடுத்துவிட்டு, கடைசியில் நிற்கிறதை மட்டும் அனுப்பினால் தாங்கும். எங்களுடையது தேறியது. அண்ணி அன்றைக்குக் காளி கோயிலுக்குப் போய் நெய் விளக்கு ஏற்றிவிட்டு வந்தார்.

தனக்கா க்ரீம் தேறவில்லை. கல்லில் தண்ணீர் விட்டு அரைத்த தனக்காவின் குளுமையை அப்படியே டப்பாவில் கொடுக்க வேண்டும் என்று எவ்வளவோ ஆசைப்பட்டோம். ஷ்வேபோவிலிருந்து வந்த நல்ல பட்டை. ஆனால் மரப்பட்டைப் பொடி மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் கிருமிகளின் வித்துகளைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. க்ரீமின் பி.ஹெச். 6-ஐ ஒட்டி நிற்கிறது, பென்சோயேட்டுக்கு அங்கே வேலை இல்லை. வேறு பாதுகாப்பான் போட்டாலும், இப்படிப்பட்ட பொடிகள் அதில் ஒரு பங்கைத் தங்கள் மேல் இழுத்து வைத்துக்கொள்ளும். தண்ணீரில் மிஞ்சுவது குறைவு. குளியலறை டப்பாவில் விரல் பட்ட இடத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள் வந்தன. மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போய்த் தேற வைத்திருக்கலாம். முகத்தில், அதுவும் குழந்தைகள் முகத்தில் தினம் பூசுகிற பொருளுக்கு அது வேண்டாம் என்பது என் முடிவு. தனக்காவை உலர்ந்த பொடியாக விற்கிறோம், பூசுகிற நேரத்தில் வீட்டிலேயே தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொள்ளட்டும். இந்த ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வதும் அதுதானே.

குளியல் பொடிக்கு எதிரி மழைக்காலம். பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, வெட்டிவேர், பூலாங்கிழங்கு எல்லாமே காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். இதற்குக் கருவி வேண்டாம், ஒரு நல்ல தராசு போதும். காகிதப் பை, சாதாரண பிளாஸ்டிக் பை, அலுமினியத் தாள் உள்ள பை மூன்றிலும் ஒரே எடை போட்டு, வாரா வாரம் நிறுத்தோம். காகிதப் பையின் எடை ஆனி, ஆடியில் ஏறிக்கொண்டே போயிற்று, பொடி கட்டி பிடித்தது. அலுமினியப் பை அசையவில்லை. எடை ஏறினால் அது உள்ளே போன தண்ணீர். அது ஓர் அளவைத் தாண்டினால் பூஞ்சணம் வரும். வண்டுக்கு, அரைப்பதற்கு முன் பயறை 60 டிகிரியில் ஒரு மணி நேரம் காய வைத்தோம், முட்டையும் செத்துவிடும். அப்புறம் ஒரு விஷயம்: மூலிகைப் பொடியில் ஆரம்பத்திலேயே கிருமி எண்ணிக்கை அதிகமாக இருக்கலாம், கிராமுக்கு 1000 என்பதுதான் பொதுவான மேல் வரம்பு. அதனால் கலந்த பொடியை மட்டும் அனுப்பாமல், ஒவ்வொரு சரக்கையும் வாங்கும்போதே தனியாகச் சோதித்துக்கொள்வது லாபம். எது அழுக்கு என்று அப்போதுதான் தெரியும்.

தைலம் மாதிரி கெட்டியான உதட்டுப் பூச்சும் செய்து பார்த்தோம். தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும், ஆனால் அதில் கலந்த தேங்காயெண்ணெய் 24-லேயே உருகிவிடுகிறது. மண்டலேக்குப் போகிற பஸ்ஸின் சாமான் அறையில் சித்திரை மாதம் அனுப்பித் திரும்ப வரவழைத்தோம். வியர்த்து, மணல் மணலாக வந்தது. மெழுகைக் கூட்டி அடுத்த வெயிலுக்கு மறுபடி பார்க்க வேண்டும், அதுவரை விற்பனைக்கு இல்லை.

அச்சகத்துக்குக் கடைசியில் சொன்னது இதுதான். எண்ணெய்க்கு எட்டு மாதம், திறந்த பிறகு மூன்று. சீயக்காய்க் கரைசலுக்கு ஆறு மாதம், திறந்த பிறகு ஒன்று. குளியல் பொடியும் தனக்காப் பொடியும் அலுமினியப் பையில் எட்டு மாதம், ‘ஈரக் கையால் எடுக்காதீர்கள்’ என்று பெரிய எழுத்தில். சூட்டுப் பெட்டி இதைவிடக் கூடுதலாகத் தாங்கும் என்று காட்டினாலும், உண்மையான அலமாரியில் உட்கார்ந்து தேறிய காலத்துக்கு மேல் ஒரு மாதம்கூடப் போடவில்லை. இனி ஒவ்வொரு காய்ச்சலிலும் இரண்டு பாட்டில் எடுத்து வைக்கிறோம், ஒன்று சீல் உடைக்காமல் அலமாரிக்கு, ஒன்று குளியலறைக்கு. முதல் காய்ச்சலின் பழுப்புப் பாட்டில் வரும் சித்திரை வெயிலையும் காறாமல் தாண்டினால் எண்ணெய் லேபிளில் எட்டைப் பன்னிரண்டாக மாற்றச் சொல்லலாம் என்று அண்ணி கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.